அரைச் சாண் நீண்ட காடி



முதலில் பென்சில் பெட்டியிலிருந்து அடிக்கோலை எடுங்கள். பதினொரு சென்டிமீட்டர் எவ்வளவு என்று விரலால் அளந்து பாருங்கள். பெரியவர்கள் கையில் அது ஏறக்குறைய அரைச் சாண். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் முழங்காலுக்கும் முன்னால் இருக்கிற நாற்காலியின் முதுகுக்கும் நடுவில் அந்த அளவை வைத்துப் பாருங்கள். அந்த இடம் இல்லையென்றால் முழங்கால் இடிக்கும். இருந்தால் ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் போட்டுக்கொண்டு நாளிதழ் படிக்கலாம்.

இந்த அரைச் சாண் இடத்துக்காக ஒரு ஜெர்மன் காடியின் உடம்பையே நீட்டிச் சீனாவில் தயாரித்தார்கள். அந்தக் காடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. காடி என்று நாம் பேச்சில் சொல்வதை மகிழுந்து என்று தேர்வில் எழுதுங்கள். இங்கே நான் பேச்சுவழக்கிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். உலகமயம், வணிகம், பண்பாடு போன்ற தலைப்புகளில் கட்டுரை கேட்டால் நம் மாணவர்களில் பலர் "நிறுவனங்கள் வாடிக்கையாளரின் தேவையை அறிந்து பொருள்களை உற்பத்தி செய்ய வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கருத்துக்குப் போய்விடுகிறார்கள். வாக்கியத்தில் தப்பு இல்லை. ஆனால் எந்த வாடிக்கையாளர்? என்ன தேவை? பொருளில் எது மாறியது, எது மாறவில்லை? இதற்கெல்லாம் பதில் இருந்தால்தான் அந்தக் கருத்துக்கு உயிர் வரும். சிலர் ஒரு படி மேலே போய் "சீனர்களுக்கு ஆடம்பரம் பிடிக்கும், அதனால் பெரிய காடி வாங்குகிறார்கள்" என்று எழுதுவார்கள். அது விளக்கமே இல்லை. பல இனத்தவர் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் ஊரில் இருந்துகொண்டு ஓர் இனத்தையே ஒரு வரியில் இப்படி அடக்கிவிடுவது நல்ல பழக்கமும் இல்லை. உண்மையான காரணம் வேறு. பொறுமையாகப் பார்ப்போம்.

1981-இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் சான்டானா என்ற நடுத்தர அளவு செடானை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதே நிறுவனத்தின் பசாட் காடிக்குப் பின்னால் தனியாக பூட் வைத்த வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் வீசும் ஒரு காற்றின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஐரோப்பாவில் அது பெரிய வெற்றி பெற்ற காடி இல்லை. பார்க்கச் சதுரமாக, கொஞ்சம் சாதுவாக இருக்கும். சில ஆண்டுகளிலேயே அங்கே அந்தப் பெயரைக் கைவிட்டுவிட்டார்கள். 1988-இல் பசாட்டின் அடுத்த தலைமுறையும் வந்துவிட்டது. ஐரோப்பாவைப் பொறுத்தவரை சான்டானாவின் கதை அவ்வளவுதான்.

சீனாவில் அப்போதுதான் கதை ஆரம்பம். பொருளாதாரக் கதவுகளைத் திறந்துகொண்டிருந்த சீனா, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து நவீன காடி செய்ய விரும்பியது. 1983 ஏப்ரலில் ஷாங்ஹாயில் முதல் சான்டானாவைப் பூட்டினார்கள். பூட்டினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாகங்கள் எல்லாம் ஜெர்மனியிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தன. 1984 அக்டோபரில், ஜெர்மானியப் பிரதமர் ஹெல்முட் கோல் பெய்ஜிங் வந்திருந்தபோது கூட்டு நிறுவனத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆளுக்குப் பாதிப் பங்கு. 1985-இல் ஷாங்ஹாய் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் நகரின் புறத்தே ஆன்திங் என்ற இடத்தில் வேலையைத் தொடங்கியது.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் அந்நியச் செலாவணி கொடுக்க வேண்டும். சீனாவிடம் அப்போது அது தாராளமாக இல்லை. அதனால் பாகங்களை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்றது அரசு. தொடக்க ஆண்டுகளில் உள்நாட்டில் செய்த பாகம் எவ்வளவு தெரியுமா? 3 விழுக்காடுகூட இல்லை. டயர், வானொலி, ஏரியல், பெயர்ப் பட்டை. அவ்வளவுதான் ஷாங்ஹாயிலிருந்து. மற்ற தொழிற்சாலைகள் செய்து கொடுத்த பாகங்கள் ஜெர்மன் தரத்தில் தேறவில்லை. தரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அப்போது ஷாங்ஹாய் மேயராக இருந்த, பின்னாளில் சீனப் பிரதமரான ஜூ ரோங்ஜி அதை ஏற்கவில்லை. ஜெர்மன் தரம் என்றால் ஜெர்மன் தரம்தான் என்று நின்றார். 1988-இல் ஷாங்ஹாயைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகள், ஆய்வுக்கூடங்கள், வங்கிகள் எல்லாம் சேர்ந்து சான்டானாவின் பாகங்களை உள்நாட்டில் செய்வதற்கென்றே ஒரு கூட்டமைப்பாக இயங்கத் தொடங்கின. 1990களின் நடுவில் உள்நாட்டுப் பங்கு 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது.

இதுவும் ஒரு வகையில் தழுவல்தான். ஆனால் காடியின் உருவம் இன்னும் மாறவில்லை. ஜெர்மனியில் வரைந்த அதே காடி, சீனக் கைகளால் செய்யப்பட்டது. உருவம் மாறுவதற்கு ஒரு கேள்வி எழ வேண்டியிருந்தது: இந்தக் காடியில் யார் எங்கே உட்காருகிறார்?

ஜெர்மனியில் நடுத்தர செடானை வாங்குபவர் தானே ஓட்டுவார். பக்கத்தில் மனைவி, பின்னால் பிள்ளைகள். பணம் கொடுத்தவர் உட்காரும் இடம் ஓட்டுநர் இருக்கை. அதனால் அங்கே கவனமெல்லாம் முன்பக்கம் போகும். ஸ்டீயரிங் எப்படித் திரும்புகிறது, வளைவில் காடி எப்படி நிற்கிறது, கியர் மாற்றினால் கைக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். பின்னிருக்கை பிள்ளைகளுக்குத்தானே, முழங்கால் கொஞ்சம் இடித்தால் என்ன?

1980களின் சீனாவில் சொந்தக் காடி என்பது கிட்டத்தட்ட இல்லை. ஒரு சான்டானாவின் விலை சாதாரணத் தொழிலாளியின் பல பத்தாண்டுச் சம்பளம். வாங்கியவர்கள் அரசுத் துறைகள், அரசு நிறுவனங்கள், டாக்ஸி நிறுவனங்கள். ஓட்டுவதற்குத் தனியாக ஆள் உண்டு. அவரை ஷிஃபூ என்று மரியாதையாக அழைப்பார்கள். நம்ம ஊரில் கை தேர்ந்தவரை 'சீஃபூ' என்று சொல்கிறோமே, அதே சொல்லின் கன்டோனிய உச்சரிப்புதான் அது. ஷிஃபூ முன்னால் இருந்து ஓட்டுவார். அதிகாரி, மேலாளர், விருந்தினர், டாக்ஸிப் பயணி எல்லாரும் பின்னால். காடி வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற ஆள் பின்னிருக்கையில் உட்காருகிறார்!

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஆசைக்கும் இனத்துக்கும் இதில் பெரிய வேலை இல்லை. பணம் கட்டுபவர் எந்த இருக்கையில் இருக்கிறார் என்பதுதான் விஷயம்.

சீன மொழியே இதற்கு ஒரு சாட்சி சொல்கிறது. உங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் சீன மொழி ஆசிரியர் இருந்தால் கேட்டுப் பாருங்க. செடானுக்கு மாண்டரினில் 'ஜியாவ்ச்ச' என்று பெயர். 'ச்ச' என்றால் வண்டி, 'ஜியாவ்' என்றால் பல்லக்கு. பல்லக்கு வண்டி! பல்லக்கைச் சுமப்பவர் வேறு, உள்ளே உட்காருபவர் வேறு. செடான் என்ற ஆங்கிலச் சொல்லும் ஐரோப்பாவில் ஆட்கள் தூக்கிச் சென்ற மூடிய நாற்காலியின் பெயரிலிருந்துதான் வந்தது. அங்கே அந்த ஞாபகம் போய்விட்டது. சீன எழுத்தில் இன்னும் தெரிகிறது.

1995-இல் ஷாங்ஹாய் ஃபோக்ஸ்வேகன் சான்டானா 2000 என்ற காடியை வெளியிட்டது. ஷாங்ஹாய்ப் பொறியாளர்களும் ஃபோக்ஸ்வேகனின் பிரேசில் கிளைப் பொறியாளர்களும் சேர்ந்து வடிவமைத்தது இது. பிரேசிலிலும் சான்டானா ஓடிக்கொண்டிருந்தது, அங்கே அதற்குப் புது முகம் கொடுத்த அனுபவம் அவர்களிடம் இருந்தது. புது விளக்கு, உருண்டையான மூக்கு, உள்ளே புது அலங்காரம் எல்லாம் உண்டு. முக்கியமான மாற்றம் ஒன்றே ஒன்று. பழைய சான்டானாவின் சக்கர இடைத்தூரம் 2548 மில்லிமீட்டர். புதியது 2656. வித்தியாசம் 108 மில்லிமீட்டர், நம் அரைச் சாண்.

சக்கர இடைத்தூரம் என்பது முன் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து பின் சக்கரத்தின் நடுப்புள்ளி வரை உள்ள தூரம். பேச்சில் வீல்பேஸ் என்போம். காடியின் மொத்த நீளத்தை விட இந்த அளவுதான் உள்ளே எவ்வளவு இடம் இருக்கும் என்பதைச் சொல்லும். போனெட்டை நீட்டினாலும் பூட்டை நீட்டினாலும் மொத்த நீளம் கூடும், ஆனால் உட்காருபவருக்கு ஓர் அங்குலம்கூடக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: 2017-இல் வந்த மைவியின் சக்கர இடைத்தூரம் 2500 மில்லிமீட்டர்.

நீட்டியது எந்த இடத்தில் என்பதைக் கவனியுங்கள். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் ஒரு தூண் இருக்கிறது அல்லவா, அதற்குப் பின்னால், பின் சக்கரத்துக்கு முன்னால். அந்தத் தூணுக்கு முன்னால் உள்ள அமைப்பை இதற்காகத் தொட வேண்டியதில்லை. என்ஜின் இருக்கும் இடம், ஓட்டுநரின் கால் வைக்கும் இடம், முன்கதவு எல்லாம் இருந்தபடி இருக்கலாம். ஓட்டுநருக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடைக்கவில்லை. 108 மில்லிமீட்டரும் பின்னால் உட்காருபவருக்கே. பின்கதவு அகலமாகிறது. அதனால் ஏறி இறங்கும்போது குனிந்து வளைந்து உடம்பை நுழைக்க வேண்டாம். மரியாதையாக இறங்கலாம்.

"நடுவில் ஒரு துண்டு இரும்பை வைத்து ஒட்டிவிட்டால் போதாதா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். போதாது. உங்கள் ஊர் ஃபோர்மேனிடம் கேட்டால் அவரே சொல்வார். பின்கதவைப் புதிதாக அச்சு செய்து அழுத்த வேண்டும். கூரைத் தகடு, தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு எல்லாம் நீள வேண்டும். பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய், எண்ணெய்க் குழாய், மின்கம்பிகள், புகைக்குழாய், எல்லாவற்றுக்கும் அரைச் சாண் கூட வேண்டும். பெரிய பிரச்சினை விறைப்பு. ஒரு காலி சப்பாத்துப் பெட்டியை இரண்டு முனையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். அதே அட்டையில் இன்னும் நீளமான பெட்டி செய்து முறுக்கினால் அது சுலபமாக வளையும். காடியின் உடம்பும் அப்படித்தான். நீட்டினால் வலுவூட்ட வேண்டும், வலுவூட்டினால் எடை கூடும், எடை கூடினால் எண்ணெய்ச் செலவு கூடும். திரும்புவதற்கு அதிக இடமும் வேண்டும். கிடைக்கும் நன்மையும் ஒன்று உண்டு. சக்கர இடைத்தூரம் கூடினால் மேடு பள்ளத்தில் காடி முன்னும் பின்னும் ஆடுவது குறையும். அந்த நன்மையும் பாருங்கள், பின்னால் உட்கார்ந்து நாளிதழ் படிப்பவருக்குத்தான் அதிகம் உதவும்.

பழைய சான்டானாவும் நின்றுவிடவில்லை. புதியதோடு சேர்ந்தே விற்றது. 'பு சாங்' என்று அதற்குச் செல்லப்பெயர், சாதா சான்டானா என்று பொருள். ஷாங்ஹாய் டாக்ஸி என்றாலே பல ஆண்டுகள் அதுதான். 2012-இல் பழைய சான்டானாவின் உற்பத்தி முடிவுக்கு வந்தபோது, சான்டானா குடும்பக் காடிகள் மொத்தம் 3 மில்லியனுக்கும் மேல் சீனாவில் ஓடியிருந்தன. ஐரோப்பா சில ஆண்டுகளில் மறந்த காடி, சீனாவில் ஏறக்குறைய முப்பது ஆண்டு வாழ்ந்தது.

சான்டானா 2000 காட்டிய வழியில் மற்றவர்களும் போனார்கள். 1988 முதல் சாங்சுன் நகரில் ஆவ்டி 100 காடியைப் பூட்டிக்கொண்டிருந்த ஆவ்டி, அதற்கு அடுத்து வந்த ஏ6 காடியைச் சீனாவுக்காக 90 மில்லிமீட்டர் நீட்டியது. 2005-இல் வந்த அடுத்த தலைமுறைக்குப் பெயரே ஏ6எல். எல் என்றால் நீளம். அந்த ஒற்றை எழுத்தைப் பின்பக்கம் பளபளவென்று ஒட்டிக்கொள்வது பெருமையாகிவிட்டது. பிஎம்டபிள்யூ 5 வரிசைக் காடி 140 மில்லிமீட்டர் நீண்டது. நடுத்தர அளவில் ஆவ்டி ஏ4எல் சுமார் 60 மில்லிமீட்டர், 2012-இல் பிஎம்டபிள்யூ 3 வரிசை 110, 2014-இல் மெர்சிடிஸ் சி வரிசை 80. இதில் எனக்கு வேடிக்கையாக இருப்பது பிஎம்டபிள்யூ 3 தான். ஓட்டுபவரின் இன்பத்துக்காகவே செய்த காடி என்று அந்த நிறுவனம் பல பத்தாண்டுகள் விளம்பரப்படுத்திய காடி அது. அதையே பின்னால் உட்காருபவருக்காக நீட்டினார்கள்.

இப்போது ஒரு நியாயமான கேள்வி வரும். 2000-க்குப் பிறகு சீனாவில் சொந்தக் காடி பெருகிவிட்டதே? 1994-லேயே அரசு தன் கொள்கையில் தனி மனிதர்கள் காடி வாங்குவதை ஊக்குவித்தது. 2009-இல் சீனா உலகின் மிகப் பெரிய காடிச் சந்தையாகிவிட்டது. வாங்குபவரே ஓட்டும் காலம் வந்த பிறகும் ஏன் இந்த அரைச் சாண்?

பின்னிருக்கையில் ஆள் மாறிவிட்டார், இருக்கையின் மரியாதை மாறவில்லை என்பேன். ஒரு குழந்தைக் கொள்கை இருந்த காலத்தில் வளர்ந்த கணவன் மனைவி, அவர்களுக்கு ஒரு பிள்ளை, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகள். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பின்னால் உட்காருவது பெரியவர்கள். பெரியவரை இடுக்கில் உட்கார வைத்தால் நல்லாவா இருக்கும்? தொழில் செய்பவர் விருந்தினரை விமான நிலையத்தில் ஏற்றிவரும்போதும் அப்படித்தான். இதோடு, காட்சிக்கூடத்தில் ஒரே விலைக்கு இரண்டு காடி நின்றால் இடம் அதிகமாக இருப்பதை எடுக்கிற சாதாரணக் கணக்கும் உண்டு. அந்தக் கணக்கு எந்த நாட்டிலும் உண்டு.

நீளம் மட்டும் மாறவில்லை. மற்ற சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முன் பயணியின் இருக்கைக்குப் பக்கவாட்டில், தோள் உயரத்தில் ஒரு பொத்தான் வைத்தார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் கையை நீட்டி அதை அழுத்தினால் முன்னிருக்கை தள்ளிப் போய் இன்னும் கால் வைக்க இடம் கிடைக்கும். அதற்கு 'லாவ்பான் பொத்தான்' என்று பெயர். லாவ்பான் என்றால் முதலாளி. இந்தப் பெயர் ஒன்றே போதும், நான் மேலே சொன்ன விளக்கம் எல்லாம் அதற்குள் இருக்கிறது.

பூட் விஷயமும் அப்படி. வுஹான் நகரில் பிரெஞ்சு நிறுவனமான சிட்ரோவன் ஒரு காடியைத் தயாரித்தது. சீனப் பெயர் ஃபூகாங். பின்புறம் பூட் துருத்தாமல் வெட்டியது போல இருக்கும், ஐரோப்பியர்களுக்குப் பிடித்த வடிவம். சீனாவில் பலருக்கு அது முடியாமல் விட்ட காடி போலத் தெரிந்தது. தலையும் வாலும் இருந்தால்தான் ஒரு காரியம் முழுமை என்பது அங்கே வழக்கு. 1998-இல் அதே காடிக்கு ஒரு பூட்டை ஒட்டி ஃபூகாங் 988 என்று வெளியிட்டார்கள். எட்டு அதிர்ஷ்ட எண் என்பது உங்களுக்குத் தெரியும். எண்ணைப் பற்றிச் சொன்னால், ஆல்ஃபா ரோமியோ 164 என்ற இத்தாலியக் காடி ஆசியச் சந்தைகள் சிலவற்றில் 168 என்ற பெயரில் விற்றது. நான்கு என்ற எண்ணின் ஒலி சீனத்தில் சாவு என்ற சொல்லை ஒத்திருப்பதுதான் காரணம்.

வாசம் இன்னொன்று. புதுக் காடிக்குள் வரும் அந்த வாடை நம்மில் சிலருக்குப் பிடிக்கும். சீனாவில் வாங்குபவர்கள் அதை உடம்புக்குக் கெடுதல் என்று பார்க்கிறார்கள். 2012 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தேசிய வழிகாட்டித் தரம், காடிக்குள் இருக்கும் காற்றில் எட்டு வேதிப்பொருள்களுக்கு அளவு வரையறுத்தது. ஃபோர்டு நிறுவனம் நான்ஜிங் நகரில் தோல், பசை, கம்பளம் எல்லாவற்றையும் முகர்ந்து பார்ப்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்களை வைத்திருந்தது. சம்பளத்துக்கு மோந்து பார்க்கிற வேலை!

மொழி ஆசிரியர்களுக்குப் பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். காடி நிறுவனங்கள் சீனாவில் பெயர் வைத்ததில் மூன்று வழிகள் தெரிகின்றன. சான்டானாவை 'சாங்தானா' என்று ஒலியை மட்டும் எடுத்தார்கள். ஃபோக்ஸ்வேகன் என்றால் ஜெர்மன் மொழியில் மக்கள் வண்டி. அதை 'தாஜோங்' என்றார்கள், வெகுமக்கள் என்று பொருள். இங்கே ஒலி போய்விட்டது, பொருள் நின்றது. மூன்றாவது வழிதான் அழகு. பென்ஸ் 'பென்ச்சி' ஆனது. ஒலியும் கிட்டத்தட்ட வந்தது, விரைந்து ஓடுதல் என்ற பொருளும் வந்தது. பிஎம்டபிள்யூவுக்கு 'பாவ்மா', அதாவது அருமையான குதிரை. முதல் இரண்டு எழுத்தின் ஒலி அதில் ஒளிந்திருக்கிறது. கலைச்சொல்லாக்கம் நடத்தும்போது இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதி, பஸ் பேருந்து ஆனதும் கார் மகிழுந்து ஆனதும் எந்த வழியில் சேரும் என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் சண்டையே வரும், நல்ல சண்டை.

சீனாவுக்காகச் செய்த மாற்றம் சீனாவோடு நின்றதா என்றால், இல்லை. பசாட் காடியையும் ஷாங்ஹாயில் 100 மில்லிமீட்டர் நீட்டித்தான் செய்தார்கள். அதே நீட்டிய அடித்தளத்தில் செக் நாட்டு ஸ்கோடா நிறுவனம் 2001-இல் சூப்பர்ப் என்ற காடியை ஐரோப்பாவில் விற்றது. பின்னிருக்கை விசாலத்துக்கே அது பெயர் வாங்கியது. 2010-இல் சீனாவின் கீலி நிறுவனம் சுவீடனின் வோல்வோ காடிப் பிரிவை வாங்கியது. செங்டுவில் செய்த நீளமான வோல்வோ எஸ்60 காடியை 2015-இல் அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். 2021-இல் நீளமான பிஎம்டபிள்யூ 3 வரிசை இந்தியாவில் வெளியானது, அதைப் பூட்டுவது சென்னைக்கு அருகே உள்ள தொழிற்சாலையில். அங்கேயும் ஓட்டுநர் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று எழுதிவிடாதீர்கள். ஜெர்மன் நிறுவனங்கள் பின்னிருக்கையை நீட்டிக்கொண்டிருந்த காலத்தில் சீன நிறுவனங்கள் மின்காடியில் இறங்கின. மின்காடியில் முன்னால் பெரிய என்ஜின் இல்லை, மின்கலம் தரைக்கு அடியில் படுத்துக்கொள்கிறது. சக்கரங்களை நான்கு மூலைக்கும் தள்ளி வைக்கலாம். மொத்த நீளம் கூடாமலே உள்ளே இடம் கிடைத்துவிடும். அரைச் சாணுக்காகக் காடியை வெட்டி நீட்டும் திறமைக்கு அங்கே பழைய மதிப்பு இல்லை. வாங்குபவர்கள் இப்போது கேட்பது வேறு. திரை எவ்வளவு வேகம்? சொன்னால் புரிந்துகொள்ளுமா? தானாக நிறுத்துமா? 2023-இல் சீனாவில் அதிகம் விற்கும் காடிப் பெயர் என்ற இடத்தை ஃபோக்ஸ்வேகனிடமிருந்து பிஒய்டி பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு ஃபோக்ஸ்வேகன், எக்ஸ்பெங் என்ற சீன நிறுவனத்தில் பங்கு வாங்கி, சீனச் சந்தைக்கான நடுத்தர மின்காடிகளைச் சேர்ந்து செய்ய ஒப்பந்தம் போட்டது. 1984-இல் தொழில்நுட்பம் கொடுக்க வந்தவர்கள், நாற்பது ஆண்டு முடிவதற்குள் அதைக் கேட்டு வாங்கும் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள்.

மாணவர்களுக்கு ஒரு சின்ன வேலை. உயர்நிலைப் பள்ளிக்கும் செய்யலாம், வாரயிறுதியில் வீட்டிலும் செய்யலாம். அளவு நாடா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் காடி நிறுத்தும் இடத்தில், அனுமதி கேட்டுவிட்டு, நின்றுகொண்டிருக்கும் நான்கு ஐந்து காடிகளின் சக்கர இடைத்தூரத்தை அளந்து குறியுங்கள். முன் சக்கரத்தை நேராக வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அளவு தப்பும். பக்கத்தில் மூன்று பத்தி போடுங்கள்: காடியை வாங்கியவர் யார், பெரும்பாலும் ஓட்டுபவர் யார், பின்னால் உட்காருபவர் யார். பாட்டியைக் கோயிலுக்கு அழைத்துப் போகும் காடியா, பிள்ளைகளை டியூஷனுக்குக் கொண்டு விடும் காடியா, பின்னிருக்கையில் எப்போதும் புத்தகப் பையும் பயிற்சித் தாளும் மட்டுமே உட்கார்ந்திருக்கும் காடியா என்று விசாரித்து எழுதுங்கள். கிடைத்த எண்களைச் சான்டானாவின் 2548, 2656 என்ற இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கட்டுரையை ஆரம்பியுங்கள்.